சொந்தக் காலால் ஏறினால்தான்

அன்று காலையிலும் என் வீட்டுக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்குப் பிறகு பதினைந்து என்றார்.

"பதிமூணும் பதினாலும் எங்க போச்சு?" என்று அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"மனசுக்குள்ள எண்ணிட்டேன், புள்ள."

பிறகு கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இறப்பர் பால் வெட்டப் போனார். பத்து மணியளவில் ஒரு மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. 2006 செப்டெம்பர்.

அந்தக் குதிகால் பயிற்சி அதே வருடம் ஜனவரியில் வந்து சேர்ந்தது.

குருவிட்டப் பக்கத்து எங்கள் தோட்டத்திலிருந்து வருடந்தோறும் சிவனொளிபாத மலைக்குப் போவார்கள். எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தடவை உச்சியிலுள்ள மணியை அடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அழகமுத்துவும் என் தம்பி தங்கையாவும் ஆளுக்குப் பத்தொன்பது தடவை ஏறியிருந்தார்கள். ஆனால் கடைசித் தடவை தம்பி இருபது அடித்துவிட்டான்.

"அம்மா என்னைய வயித்துல வச்சிக்கிட்டு ஒரு தடவ ஏறியிருக்கு மச்சான். அதையும் சேக்கணும்ல?"

"அப்ப அத ஒங்கம்மா அடிக்கட்டும். சொந்தக் கால்ல ஏறினாத்தான்டா கணக்கு!"

இந்த முறை நேர்மையாக இருபது அடித்து மச்சான் வாயை அடைப்பது என்று இவர் முடிவு கட்டியிருந்தார்.

"அம்பத்திரண்டு வயசுல மலை எதுக்கு மச்சான்? நம்ம கோயில்லயே மணி இருக்கு" என்று தம்பி சீண்டினான். உடனே இவர் எங்கள் லயத்து வீடுகளுக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானைத் தாவிக் காட்டினார். அந்தப் பக்கம் கால் ஊன்றியதும் "ஐயோ" என்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"எவன்டா கல்லால அடிச்சது?"

பின்னால் நின்றது புடைவை வியாபாரி சாலி நானா மட்டும்தான். தலையில் மூட்டை.

"நானா, ஒங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"ரெண்டு கையும் மூட்டையில இருக்கு தம்பி. காலால கல்லெறிய நான் இன்னும் படிக்கல்ல."

கல் எதுவும் கிடைக்கவில்லை. தசை கிழிந்தால் யாரோ பின்னாலிருந்து அடித்தது போலத்தான் இருக்கும் என்றார் தோட்டத்து மருந்துக்காரர். காலை உயர்த்தி வைக்க வேண்டும், குளிர்ந்த துணி சுற்ற வேண்டும், எண்ணெய் போட்டு உருவக் கூடாது. அன்று சாயங்காலமே தம்பி மனம் இளகி எண்ணெயோடு வந்து உருவினான். மறுநாள் கால் பலாக்காயாக வீங்கியது.

"இது இருபதாவது மணிக்காக ஒந்தம்பி செஞ்ச சதி" என்று ஒரு வாரம் புலம்பினார்.

மூன்று வாரம் கழித்து மருந்துக்காரர் பயிற்சி சொன்னார். முதலில் இரண்டு காலிலும், பிறகு ஒற்றைக் காலில். வலியில்லாமல் இருபத்தைந்து தடவை தூக்க முடிந்தால் மலைக்குப் போகலாம். லயமே கூடி எண்ணியது. சாலி நானா வந்தால் மூட்டையை இறக்கிவிட்டு எண்ணுவார்.

"பதினொண்ணு... இது அரை. இத எடுக்க ஏலாது."

"அரைதானே நானா, விடுங்க."

"ஒரு யார் துணியில ரெண்டு அங்குலம் கொறஞ்சா ஒங்க பொஞ்சாதி என்னைய விடுவாவா?"

சாலி நானா வராத ஒரு நாளில் இருபத்தைந்து முடிந்துவிட்டது. ஏப்ரலில் தம்பியோடு மூவராகப் புறப்பட்டோம். எனக்கு அதுதான் முதல் தடவை. பகல் முழுக்க ஏறினோம். உச்சிக்கு ஒரு முந்நூறு படி இருக்கும்போது இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பினார்.

"எவன்டா..."

பின்னால் யாருமில்லை. அவர் கை கெண்டைக்காலுக்குப் போனது.

தேநீர்க் கடைக்காரம்மா "தவ டிகய், மாத்தயா" என்றார். இன்னும் கொஞ்சம்தானாம். அந்தக் கொஞ்சத்தை ஏற முடியவில்லை. தம்பி முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"ஏறுங்க மச்சான். தூக்கிட்டுப் போறேன். மணிய நீங்களே அடிங்க."

இவர் அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆசை இருந்தது. எனக்குத் தெரியும்.

"வயித்துல போனவனே கணக்குல இல்ல. முதுகுல போறவனுக்கு என்னடா கணக்கு? போங்க ரெண்டு பேரும்."

"ஒங்களுக்கும் சேத்து நான் அடிக்கவா?" என்றேன்.

"நீ ஒண்ணு அடி. கீழ இருந்து எண்ணுவேன்."

நாங்கள் இறங்கி வந்தபோது மூன்றாவது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல ஒண்ணு, அது ஒங்கக்கா. பெறகு இருபதுதானே கேட்டுச்சு? ஒங்கணக்குக்கு இருபத்தொண்ணு வரணுமேடா."

"அம்மாவ விட்டுட்டேன் மச்சான்" என்றான் தம்பி.

திரும்பி வந்து மறுநாளே நிலையைப் பிடித்துக்கொண்டார். டிசம்பரில் அடுத்த மலைப் பருவம் தொடங்கும்வரை ஒரு நாளும் விடுவதில்லை என்றார். செப்டெம்பர்வரை விடவில்லை.

ஆண்டுத் திவசம் முடிந்து, அடுத்து வந்த பருவத்தில் தம்பியோடு மறுபடியும் ஏறினேன். இரண்டு தடவை அடித்தேன். அவன் கயிற்றை என் கையிலேயே பிடித்து வைத்தான்.

"மச்சானுக்கு ஒண்ணு அடி, அக்கா. யாரு கேக்கப் போறா?"

நான் கயிற்றை விட்டுவிட்டேன். அழகமுத்துவுக்குப் பத்தொன்பதுதான்.