சாமிக்குக் கட்டம் இல்லை

சட்டப்படி மாங்காய் என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு. இவ்வளவு எடை இருக்க வேண்டும், இவ்வளவு பருமன் இருக்க வேண்டும், தோலில் கறை கூடாது, காம்பில் பால் வடியக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் மாங்காய் இந்தப் பரீட்சையில் தேறினால்தான் நாட்டுக்குள் இடம். வடுமாங்காயோ கட்டைவிரல் அளவு. அதைப் பரீட்சைக்கு அனுப்பினால் வாசலிலேயே சிரித்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் அரசாங்கத்துக்கும் இரக்கம் உண்டு. ஊறுகாய் போடுகிறவர்களுக்கென்று ஒரு விலக்கு வைத்திருக்கிறது. விலக்கு என்றால் தொல்லை விட்டது என்று புஷ்பலதா நினைத்தாள். விதிக்கு ஒரு தாள் போதும், விலக்குக்குத்தான் கட்டுக்கட்டாகத் தாள் வேண்டும் என்பது அவளுக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

புஷ்பலதாவும் அவள் தோழி வீரம்மாவும் கையுறைத் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்தவர்கள். தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. சுங்கை சிப்புட் ஊரில் பெரிய சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து இருவரும் ஊறுகாய் போட ஆரம்பித்தார்கள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் ஊரில் எல்லோரும் போடுகிறார்கள். வடுமாங்காய்தான் இவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஈப்போ, காம்பார் கடைக்காரர்கள் ஆண்டு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். காய் கிடைப்பதோ சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் உப்பில் விழுந்தது எவ்வளவோ, அவ்வளவுதான் அந்த ஆண்டின் பிழைப்பு.

இதுவரை பினாங்கு வியாபாரி ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் காய் வாங்கிவந்தார்கள். இந்த ஆண்டுதான் சொந்தப் பெயரில், தமிழ்நாட்டிலிருந்து நேராக, விமானத்தில் வரவழைத்தார்கள். முதலில் சின்ன லோடு, பின்னால் பெரிய லோடு. பெரியதில்தான் எல்லாம் இருந்தது.

தாள் வேலைக்கு அருளம்பலத்தைப் பிடித்தார்கள். ஈப்போவில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து இறக்குமதிக்காரர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பவர் அவர். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், மூன்று தலைமுறையாகக் கோப்பும், சாப்பு என்கிற ரப்பர் முத்திரையும்தான் உலகம். தாளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

“பிள்ளை, வடிவாக் கேளுங்கோ” என்றார் அவர், பாரத்தை மேசையில் விரித்து. “இந்தக் காய் முழுக்க உங்கட உப்புக்குள்ளதான் போகவேணும். பச்சையா ஒரு காயும் வெளியில ஆருக்கும் போகக்கூடாது. முதல் லோட்டுக்குக் கணக்கு முடிச்சாத்தான் ரெண்டாவது லோட்டை விடுவினம்.”

“ஊறுகாய் போடத்தானே வாங்குறோம் அண்ணே. வெளியில யாருக்குக் கொடுக்கப் போறோம்?” என்றாள் புஷ்பலதா.

அவள் மனதாரத்தான் சொன்னாள். முனியாண்டி வெளியாள் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முனியாண்டி இருப்பது பழைய எஸ்டேட்டில். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்து, செம்பனையும் போய் இப்போது பாதி இடத்தில் வரிசை வீடுகள் எழுந்துவிட்டன. கோயில் மட்டும் தகரக் கூரையோடு அங்கேயே நிற்கிறது. புது வேலை எது தொடங்கினாலும் முதல் பங்கு முனியாண்டிக்கு வைப்பது எஸ்டேட் ஆட்களின் வழக்கம். லாரி வாங்கினால் சாவி அவர் காலடிக்குப் போகும், மகன் வேலைக்குப் போனால் முதல் சம்பளத்தில் சேவல் போகும். சொந்தப் பெயரில் வந்த முதல் காய். புஷ்பலதா பெரிய கூடையாக ஒன்றை நிரப்பி எடுத்துப் போனாள். சுருட்டும் பியரும் பார்த்துச் சலித்த முனியாண்டிக்கு அன்று வடுமாங்காய்ப் படையல். பூசை முடிந்து வந்தவர்களுக்கெல்லாம் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தார்கள். புஷ்பலதாவுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் காய்க் கணக்குப் பார்க்க அதிகாரி வந்தார். சின்ன வயது மலாய்ப் பெண். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார், ‘காக்’, அக்கா, என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். ஜாடிகளைப் பார்த்தார், எடை போட்ட தாள்களைப் பார்த்தார், பிறகு தலையைச் சொறிந்தார். வந்த காய்க்கும் உப்பில் கிடக்கும் காய்க்கும் கணக்கு ஒத்துவரவில்லை.

மீதி எங்கே என்று கேட்டார். புஷ்பலதா சிரித்துக்கொண்டே, சாமிக்குக் கொடுத்தோம் என்றாள்.

அதிகாரி பாரத்தைத் திருப்பி அவள் பக்கம் காட்டினார். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. பதப்படுத்தியது ஒன்று, கையிருப்பில் உள்ளது ஒன்று, கெட்டுப்போய்க் குப்பையில் போட்டது ஒன்று. சாமிக்குக் கட்டம் இல்லை. பொதுமக்களுக்குப் பச்சையாகக் கொடுத்தது என்று எழுதினால் விலக்கே செல்லாது, தரமில்லாத மாங்காயை விநியோகித்ததாக ஆகிவிடும் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, கெட்டுப்போனது என்று போட்டுவிடுங்கள் காக், காய் என்றால் கொஞ்சம் கெடத்தானே செய்யும் என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். புஷ்பலதா பேனாவைக் கையில் வாங்கினாள், கட்டத்துக்கு மேல் கொண்டுபோனாள், கீழே வைத்துவிட்டாள். முனியாண்டிக்குப் படைத்ததைக் குப்பையில் கொட்டினேன் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவதா? எழுதின கை விளங்குமா? பயம் பாதி, வெட்கம் பாதி, அவளால் முடியவில்லை.

“நீ எழுதலன்னா நான் எழுதுறேன்க்கா” என்றாள் வீரம்மா தமிழில்.

“வாய மூடு வீரம்மா.”

கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு அதிகாரி எழுந்தார். யோசித்து முடிவு செய்து அனுப்புங்கள், அதுவரை கோப்பு மூடாது, கோப்பு மூடாமல் அடுத்த லோடு வெளியே வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அடுத்த லோடு மறுநாளே வந்து இறங்கியது. ஈப்போவில் ஒரு குளிர்க்கிடங்கில் முத்திரை போட்டு வைத்தார்கள்.

அருளம்பலம் தலையில் அடித்துக்கொண்டார். “நான் முதலே சொன்னனான் எல்லோ! கடவுளுக்குக் குடுக்கிறதெண்டா ஊறுகாயாப் போட்டிட்டுக் குடுத்திருக்கலாமே.”

“ஊறுகாய யாராச்சும் சாமிக்குப் படைப்பாங்களா அண்ணே?”

அருளம்பலம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு வழி சொன்னார். கோயில் நிர்வாகம், தங்கள் தலைப்பிட்ட தாளில், இவ்வளவு காய் வழிபாட்டுக்காகப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதிச் சாப்பு வைத்துக் கொடுத்தால் மேலிடத்தில் முறையிட்டுப் பார்க்கலாம். புஷ்பலதாவுக்கு உயிர் வந்தது. அன்று மாலையே கோயில் தலைவர் மகேந்திரனைத் தேடிப் போனாள்.

மகேந்திரன் லாரி ஓட்டுகிறவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“தாளும் இல்ல, சாப்பும் இல்ல” என்றார். “நம்ம கோயில் பதிவே பண்ணலையே புஷ்பா. எடம் இப்ப வீடு கட்டுற கம்பெனிக்காரன் பேர்ல இருக்கு. நாம இருக்கோம்னு அவனுக்குத் தெரியும், ஏதோ பாத்தும் பாக்காம விட்டு வச்சிருக்கான். நான் கவர்மெண்டுக்குச் சூராட், கடுதாசி எழுதினேன்னு வையி, எந்தக் கோயில், யாரு நெலம்னு கேப்பாங்க. அப்புறம் கோயிலே இருக்காது லா.”

“என் காயி அழுகிப் போயிரும் அண்ணே.”

“தெரியுதும்மா. அதுக்காக சாமிய ரோட்டுல எறக்கி வைக்கச் சொல்றியா?”

மகேந்திரனைக் குறை சொல்ல அவளால் முடியவில்லை. அதுதான் கொடுமை. யாராவது ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் நின்று நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பாள்.

பிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. வட்டார அலுவலகத்துக்குப் போனாள். தெரிந்த அரசியல் கட்சிக்காரர் ஒருவரைப் பார்த்தாள். அவர் போனில் யாரிடமோ சத்தமாகப் பேசினார், ஆயிற்று என்றார், ஒன்றும் ஆகவில்லை. வாரக் கடைசி வந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பொது விடுமுறையும் வந்தது. குளிர்க்கிடங்குக்குப் போய் வெளியே நின்று பார்த்தாள். முத்திரை இருப்பதால் திறக்க முடியாது என்றார்கள். வடுமாங்காய் பறித்த சூட்டோடு உப்பில் விழ வேண்டும். குளிரில் கிடந்தால் முதலில் வெளுக்கும், பிறகு உள்ளுக்குள் மெத்தென்று ஆகும். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அலுவலகம் திறந்த முதல் நாள் காலையில் ஈப்போவுக்குப் பேருந்து ஏறினாள். அருளம்பலத்தின் மேசையில் உட்கார்ந்து, அவர் காட்டிய கட்டத்தில், கெட்டுப்போய்க் குப்பையில் போடப்பட்டது என்று எழுதினாள். மனதுக்குள் முனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்டாள். எழுதி முடித்ததும் அவளுக்கு வந்தது பயம் அல்ல, ஆத்திரம். பொய்தான் சொல்ல வேண்டுமென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் காயாவது மிஞ்சியிருக்கும். இப்போது சாமிக்கு முன்னாலும் நிற்க முடியாது, கடைக்காரன் முன்னாலும் நிற்க முடியாது.

கோப்பு மூடியது. அந்த மலாய்ப் பெண்ணே போன் செய்து, முடிந்துவிட்டது காக் என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் வேகமாகத்தான் முடித்துக் கொடுத்திருந்தார். லாரி கடைவீட்டு வாசலில் வந்து பெட்டிகளை இறக்கியது.

முதல் பெட்டியைத் திறந்தபோதே வாடை வந்தது. பச்சைக் காயின் புளிப்பு வாடை அல்ல, இனித்துப் போன வாடை. கூழாங்கல் போல இருக்க வேண்டிய காய் விரலை வைத்தால் அமுங்கியது. காம்பெல்லாம் கறுத்து நீர் விட்டிருந்தது. அடுத்த பெட்டியும் அப்படித்தான். வீரம்மா ஒவ்வொரு பெட்டியாகத் திறந்துகொண்டே போனாள், நல்ல பெட்டி ஒன்றாவது அடியில் இருக்கும் என்பதுபோல. இல்லை.

புஷ்பலதா அருளம்பலத்துக்குப் போன் போட்டாள். “கெட்டுப் போச்சு அண்ணே.”

“எல்லாமோ?”

“எல்லாமே. கெட்டதுன்னு எழுதிக் கொடுத்துருங்க. இப்ப உண்மைதானே.”

அவர் அறையில் மின்விசிறி சுற்றுவது போனில் கேட்டது.

“அது சரிவராது பிள்ளை” என்றார். “போன லோட்டிலயும் கெட்டதெண்டு எழுதியிருக்கிறம். இதிலயும் முழுக்கக் கெட்டதெண்டு குடுத்தா, இந்த ஆக்கள் காயைப் பச்சையா வித்துப்போட்டுப் பொய் சொல்லினம் எண்டுதான் நினைப்பினம். குப்பையில போட்டதுக்கு ஆள் விட்டு விசாரிப்பினம். கோயிலுக்குப் போன கூடையும் வெளியில வரும். லைசென்ஸை எடுத்துப்போட்டா அடுத்த வருஷமும் உங்களுக்கு இல்லை.”

“அப்ப என்ன செய்யறது?”

“உப்பில போடுங்கோ. பதப்படுத்தியாச்செண்டு நான் எழுதுறன்.”

“யாரு திங்கிறது அண்ணே இத?”

“அந்தக் கேள்வி பாரத்தில இல்லைப் பிள்ளை” என்றார் அருளம்பலம். குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. அதிகாரிகள் எந்த நாளிலும் வந்து பார்க்கலாம், ஜாடியில் எடை சரியாக இருக்க வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். காயைக் கழுவினார்கள், கழுவும்போதே சில கையில் கரைந்தன, கரைந்ததையும் எடைக்காக வழித்து எடுத்தார்கள். விளக்கெண்ணெய் தடவினார்கள். மஞ்சள் போட்டார்கள். வீரம்மா கல்லுப்பை அள்ளிக்கொண்டு ஜாடியின் மேல் கையை நிறுத்தினாள்.

“கொறச்சுப் போடவாக்கா? கொட்டப் போறதுதானே.”

“எப்பவும் போடுற மாதிரி போடு” என்றாள் புஷ்பலதா.

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கை முழுக்க உப்பு. கண்ணைத் துடைக்க முடியாமல் அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.