முதலில் நின்ற மெஷின்

...இல்லை, கை நடுங்கவில்லை, மெஷின்தான் அதிர்கிறது, அதன்மேல் வைத்த கை அதிராமல் என்ன செய்யும். வீட்டில் மகளுக்குத் தலை பின்னும்போதுகூட என் விரல்கள் இப்படித்தான் துடிக்கின்றனவாம், அம்மா உன் கை இன்னும் ஃபேக்டரியிலேயே இருக்கு என்று சிரிப்பாள். அவர்கள் இன்னும் வரவில்லை, வந்தால் கதவு திறக்கும், கதவு திறந்தால் முதலில் தெரிவது நான், நான் லைனின் தலைமாட்டில் இருக்கிறேன். அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள், பெரிய வீராங்கனை என்பதால் அல்ல. நாங்கள் தைக்கிற ஷூக்களுக்குத் தங்கள் பெயரைப் பொறித்து உலகமெல்லாம் விற்கிற கம்பெனியின் ஆட்கள் இன்று பார்வையிட வருகிறார்கள், அவர்கள் பசை மேஜையைத் தாண்டியதும் நான் சுவிட்சை அணைக்க வேண்டும், என்னைப் பார்த்து லைன் முழுக்க அணைக்க வேண்டும். அவ்வளவுதான், கோஷம் கிடையாது, கல் கிடையாது. நின்ற மெஷின்களுக்கு முன்னால் அவர்களை நிறுத்திவிட்டால் பேசித்தானே ஆக வேண்டும் என்றார் லவுட்ஸ்பீக்கர். வெட்டும் பிரிவுக்காரர், எங்கள் சங்கத் தலைவர், ரகசியம் பேசினாலும் தெருமுனைவரை கேட்கும், அதனால் அந்தப் பெயர். மெஷின் வேகத்தைக் குறைக்கச் சொன்னா கம்பெனிக்காரன் ஆர்டரையே கடல் தாண்டிக் கொண்டுபோய்விடுவேன்னு மிரட்டுறான், அவன் கடலைத் தாண்டுவான், நாம கேட்டைத் தாண்டணும்னாலும் பாஸ் வாங்கணும், இதுதாம்மா உலகமயம், என்று அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், நானும்தான் சிரித்தேன்.

முதுகு அரிக்கிறது. அரிப்பில்லை, பார்வை. பின்னால் இருப்பது என் நாத்தனார், நான்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டேன், நான் தைத்து நகர்த்தும் ஷூவின் மேல்தோல் அடுத்து அவள் கைக்குத்தான் போகும். அவள் மெஷின் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும், வளைவு வரும்போது ஒரு விக்கல் விக்கி மறுபடி ஓடும், இன்றைக்கு விக்கல் அதிகமாக இருக்கிறது, அல்லது என் காதுதான் அப்படிக் கேட்கிறதா? காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள். "அண்ணி, இந்த மாசக் கடைசியில என்னை நிரந்தரம் ஆக்குறேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதா? அப்புறம் நீங்க சொன்னா கூரை மேல ஏறி நின்னு கத்துறேன்." உன்னை யாருடி இதுக்குக் கூப்பிட்டா, நீ உன் வேலையைப் பாரு என்றேன். "கூப்பிட வேற செய்யணுமா? நீங்க நிறுத்திட்டு உக்காந்திருப்பீங்க, நான் உங்க முதுகைப் பார்த்துக்கிட்டே ஓட்டணுமா?" குழாயை மூடினேன், அது சொட்டிக்கொண்டே இருந்தது, வாஷர் மாற்ற வேண்டும், என் கணவர் லாரியை எடுத்துக்கொண்டு போனால் வீட்டில் எதுவும் மாறுவதில்லை. தங்கச்சியைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன, அவளை ஓட்டவிடுவதா, நிறுத்தவைப்பதா... சூப்பர்வைசர் வருகிறார், வாயில் விசில் இல்லாவிட்டாலும் விசில் மாதிரியே பேசுகிற மனிதர். "என்னம்மா, கனவா? இன்னைக்காவது சிரிச்ச முகமா இருங்க, விருந்தாளி வர்றாங்க." சிரித்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

அந்தப் பெண்ணும் சிரித்தாள், போனில். ஆர்டர் போகப்போவதாகச் சொல்கிற நாட்டில் இதே மாதிரி ஃபேக்டரியில் தைப்பவள், சங்க ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசவைத்தார்கள், நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெண். நான் என்னவோ பெரிய எதிரியைப் பார்க்கப்போவதுபோல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தேன், பார்த்தால் அவள் ஆள்காட்டி விரலில் எனக்கு இருக்கிற இடத்திலேயே ஊசி ஏறிய தழும்பு, நான் என் விரலைக் காட்டினேன், அவள் தன் விரலைக் காட்டினாள், அந்த ஒரு நிமிஷம் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை. உங்களிடமும் எங்களைக் காட்டித்தான் மிரட்டுகிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எங்களிடம் வேறு ஒரு நாட்டைக் காட்டுகிறார்கள் என்றாள். பிறகு சங்கடத்துடன், நீங்கள் மெஷினை நிறுத்தினால் எங்களுக்கு வேலை கூடுமா, என் அக்கா வேலையில்லாமல் இருக்கிறாள் என்று கேட்டாள். மொழிபெயர்த்த பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம், நான் அவள் இடத்தில் இருந்தால் அதைத்தானே முதலில் கேட்டிருப்பேன். இரண்டு பக்கமும் ஒரே நாளில் நிறுத்தினால் அவன் எங்கே போவான் என்றார் லவுட்ஸ்பீக்கர், பேச்சு சரி, கணக்கு சரி, ஆனால் அந்த அக்கா சமையலறையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பது மட்டும் என் தலைக்குள் எந்தக் கணக்கிலும் சேராமல் சுற்றிச் சுற்றி வருகிறது...

கதவு. மேனேஜர் முன்னால், பின்னால் உயரமான ஒரு பெண், இரண்டு ஆண்கள், கோடு கிழிக்காத காகிதம்போல வெள்ளைச் சட்டைகள். நூல் நேராக ஓடுகிறது, பார், கை நடுங்கவே இல்லை. அந்தப் பெண் ஒரு ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள், அடியைத் தட்டுகிறாள், எதற்கோ தலையாட்டுகிறாள். பசை மேஜை. பசை மேஜையைத் தாண்ட வேண்டும், தாண்டிவிட்டார்களா, ஓர் ஆள் இன்னும் அங்கேயே நிற்கிறானே, எல்லோரும் தாண்டினால்தானே தாண்டியதாக அர்த்தம், இந்தத் தையலை முடித்துவிடலாம், பாதியில் நிறுத்தினால் தோல் வீணாகும், வீணானால் என்ன, இன்னும் தோலைப் பற்றியா யோசிக்கிறாய், சரி, இந்த வளைவு மட்டும். சுவிட்ச் பக்கம் கை போகிறது, போய்த் தோலைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வருகிறது. வேலை போனால் மகளின் பள்ளிக்கூடம், கணவர் முகம், வாடகைக்கு வந்து நிற்கும் வீட்டுச் சொந்தக்காரர் முகம். அவர்கள் என் மெஷினுக்கு நேராக வந்துவிட்டார்கள், மேனேஜர் என்னைக் காட்டி ஏதோ பெருமையாகச் சொல்கிறார், அந்தப் பெண் என் கையைப் பார்த்துப் புன்னகைக்கிறாள், நான்... நானும் புன்னகைக்கிறேன். இப்போது. இப்போதுதான். கால் பெடலை விட்டு வர மறுக்கிறது.

அப்போது முதுகுக்குப் பின்னால் விக்கல் நின்றது. நின்றது நின்றதுதான், மறுபடி ஓடவில்லை. நூல் அறுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது, அப்புறம் இன்னொன்று, வரிசையாக, மழை விடுவதுபோல் அந்தக் கோடிவரை சத்தம் அடங்கிக்கொண்டே போயிற்று, கடைசியில் அந்தப் பெரிய கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது என் மெஷின் ஒன்றுதான். என்னுடையது. அணைத்தேன். திரும்பிப் பார்த்தேன். நாத்தனாரின் ஊசியில் நூல் முழுசாக இருந்தது, அவள் விரல் சுவிட்சின்மேல் இருந்தது, உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்க்காமல் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜரின் சிரிப்பு அப்படியே முகத்தில் மாட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யாரு? யாரு ஆரம்பிச்சது? நான் கேக்குறேன்ல!" அவர் கண் ஒவ்வொரு மெஷினாகத் தாவி எனக்குப் பின்னால் போய் நிற்கப் பார்த்தது. நான் எழுந்துவிட்டேன். "நான்தான் சார்." எவ்வளவு சுலபமாக வந்தது, குரல் பிசிறக்கூட இல்லை. "நாங்க இவங்ககிட்ட பேசணும். வேகத்தைப் பத்தியும் பேசணும், ஆர்டரைப் பத்தியும் பேசணும். பேசினதுக்கு அப்புறம் ஓட்டுறோம்." உயரமான பெண் மேனேஜரிடம் ஏதோ கேட்டாள், அவர் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார், அவள் மறுபடி கேட்டாள். கடைசியில் அவளோடு வந்த ஆட்களில் ஒருவன் தமிழில் சொன்னான், ஆரம்பித்தவர்கள் அறைக்கு வரட்டும், கேட்கிறோம் என்று. கூடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது, யாரோ கை தட்டினார்கள், வெட்டும் பிரிவுக் கதவருகே லவுட்ஸ்பீக்கர் முதல்தடவையாக வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஏப்ரனைக் கழற்றி ஸ்டூலில் போட்டேன். அவளை இழுத்துவிடாமல் தப்பிக்கவைத்துவிட்டேன், அவள் அண்ணன் வந்து கேட்டால் சொல்லப் பதில் இருக்கிறது, அவளுக்கு நிரந்தரமும் ஆகும், நல்லதுதானே, நல்லதுக்குத்தானே நான்தான் என்று சொன்னேன்... நடக்கும்போது லைனில் இருப்பவர்கள் என் கையைத் தொட்டார்கள், அக்கா, அக்கா என்றார்கள், சொல்லவே கூடாத அளவுக்கு நன்றாக இருந்தது. அறைக் கதவருகே திரும்பினேன். இப்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி இல்லை, பயமும் இல்லை. கடையில் தான் எடுத்து வைத்திருந்த பொருளை வேறொருத்தி கொண்டுபோவதைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. உள்ளே நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்றார்கள். உட்கார்ந்தேன்.