அதே பக்கம், அதே அளவு

கிளிஃபர்ட் ஓல்ராய்டுக்கு வேண்டியது ஒன்றுதான். தன்னை மோசடிக்காரன் என்று முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகை, இல்லை என்பதையும் முதல் பக்கத்திலேயே போட வேண்டும். இந்தச் சின்ன நியாயத்துக்கு ஒரு நாடாளுமன்றமே கூட வேண்டியிருக்கிறது என்றால் இந்தப் பத்திரிகைக்காரர்களை என்னவென்று சொல்வது?

கிளிஃபர்ட் என் தொகுதிக்காரர். யார்க்‌ஷயரில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் வட்டப் பலகையைத் தூக்கிப் பிடித்துக் கார்களை நிறுத்தி, பிள்ளைகளைச் சாலை கடக்க விடுகிறவர். அதே பெயரில் எங்கோ ஒருவன் முதியவர்களிடம் பணத்தைச் சுருட்டிவிட்டுக் கம்பி நீட்டினான். 'மார்னிங் லான்டர்ன்' பத்திரிகை நம்ம ஆளின் படத்தையும், வீட்டு முகவரியையும், அவர் சாப்பிடுகிற ரத்த அழுத்த மாத்திரையின் பெயர் உட்பட எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. தவறு தெரிந்தபின் மறுப்பு வந்தது. கடைசிக்கு முந்தின பக்கத்தில், நாய்ப் பந்தய முடிவுகளுக்குக் கீழே, எறும்பு சைஸில். முதல் பக்கத்தைப் படித்த தாய்மார்கள் அதைப் படிக்கவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போய்ச் சாலையைக் கடந்தார்கள்.

தகவல் பாதுகாப்பு மசோதா சபைக்கு வந்ததும் நான் ஒரு திருத்தம் கொடுத்தேன். ஒருவரின் சொந்தத் தகவலைத் தவறாக வெளியிட்டால், மறுப்பு அதே பக்கத்தில், அதே அளவில் வர வேண்டும். அவ்வளவுதான்.

புதன்கிழமை மதியம் விவாதம். மேலே பார்வையாளர் மாடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் கிளிஃபர்ட் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்த மறுப்பு வந்த பக்கத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"உறுப்பினர் காட்சிப் பொருளைக் கீழே வைக்கணும்," என்றார் சபாநாயகர்.

"இதுல காட்சி எங்கய்யா இருக்கு? கண்ணுக்கே தெரியலையே."

சபை சிரித்தது. எதிர்வரிசையிலிருந்து ஹெக்டர் ட்ரெவனன் எழுந்தார். அரசுத் தரப்பு ஆள், முன்னாள் பத்திரிகை ஆசிரியர். என்னை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்தத் திருத்தம் வந்தால் நாளைக்கு முதல் பக்கம் முழுக்க மறுப்புதான் இருக்கும், செய்தியை நாய்ப் பந்தயத்துக்குக் கீழே தேட வேண்டியதுதான் என்று பிளந்து கட்டினார். எரிச்சலாக இருந்தது. நன்றாகவும் பேசினார், அதனால் இன்னும் எரிச்சல்.

விவாதம் முடியும் நேரத்தில் எங்கள் கட்சிக் கொறடா என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வின்னி, இத்தோட விட்டுடு. மந்திரி ஒரு ஆய்வுக் குழு போடறேன்னிருக்கார். பேசி முடிச்சாச்சு."

"யாரைக் கேட்டுப் பேசி முடிச்சீங்க?"

"ஓட்டுக்கு விட்டா வாக்கு எண்ண நம்ம கட்சியிலேர்ந்து ஆள் தர மாட்டோம். அப்புறம் உன் இஷ்டம்."

அங்கேதான் கழுத்தைப் பிடித்தார். எங்கள் சபையில் வாக்கெடுப்பு என்றால் ஒவ்வொரு தரப்புக்கும் எண்ணுகிறவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒரு தரப்புக்கு ஆள் குறைந்தால் வாக்கெடுப்பே கிடையாது, அந்தத் தரப்பு தோற்றதாகக் கணக்கு. ஒருத்தி நான். இன்னொருத்தியாக நிற்கிறேன் என்று எங்கள் கட்சி உறுப்பினர் பெட்ரா சத்தியம் செய்திருந்தாள். திரும்பிப் பார்த்தேன். பெட்ரா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவிக்கொண்டிருந்தாள். கொறடா முந்திக்கொண்டுவிட்டார்.

என் தரப்பு "ஆம்" என்று கத்தியது, எதிர்த்தரப்பு "இல்லை" என்று கத்தியது. மணி அடிக்க ஆரம்பித்தது. சில நிமிடத்துக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். நாலு பேரைக் கேட்டேன். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு ரயில், மற்ற இருவருக்குத் தரையில் ஏதோ விழுந்துவிட்டது. மேலே பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன அம்மணி, ஆள் கிடைக்கலையா?"

ஹெக்டர்.

"வந்துட்டீங்களா, வெந்த புண்ணுல வேல் பாய்ச்ச?"

"உங்க திருத்தம் சுத்தப் பைத்தியக்காரத்தனம். அதுல மாத்துக் கருத்தே கிடையாது. ஆனா ஓட்டுக்கே விடாம அமுக்கறாங்க பாருங்க, அது அயோக்கியத்தனம். காலமெல்லாம் பத்திரிகை நடத்தினவன் நான். யாராவது எதையாவது அமுக்கினா எனக்கு ஆகாது. பேரை எழுதுங்க, உங்க தரப்புக்கு நான் எண்ணறேன்."

"'இல்லை'ன்னு கத்தினவர் 'ஆம்' பக்கம் நிக்க முடியாதே."

"வாய்ல மிட்டாய் இருந்துச்சு. கத்தலை."

"எண்ணறவங்க ஓட்டுக் கணக்குல சேராது. தெரியும்ல?"

"என் ஓட்டு இல்லாமலே நல்லாத் தோப்பீங்க. கவலைப்படாதீங்க."

எழுதிக் கொடுத்தேன். அரசுக் கொறடாவின் முகம் எண்ணெயில் போட்ட அப்பளமாகச் சுருண்டது.

எங்கள் சபையில் ஓட்டு என்பது 'ஆம்' வாசல் வழியாகவோ 'இல்லை' வாசல் வழியாகவோ நடந்து போவதுதான். தரப்புக்கு ஒருவராக ஒவ்வொரு வாசலிலும் நின்று எண்ண வேண்டும். நான் 'ஆம்' வாசல், ஹெக்டர் 'இல்லை' வாசல். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவரும் அவரைத் தாண்டும்போது, "வழி தவறிட்டியா ஹெக்டர்?", "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுக்கொண்டே போனார்களாம். மனிதர் அசையாமல் எண்ணினாராம்.

என் வாசலில் வேறு அதிசயம். முதுகுவலிக்காரர் வந்தார். ரயில்காரர் வந்தார். எங்கள் கட்சிக்காரர்கள் மட்டுமில்லை, அந்தப் பக்கத்து ஆட்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். பத்திரிகையிடம் அடி வாங்காத அரசியல்வாதி யார்? முன்னால் நிற்கத்தான் பயம், கூட்டத்தில் நடக்க எல்லோருக்கும் தைரியம் உண்டு. கதவை மூடப்போகிற நேரத்தில் பெட்ரா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"கோவிச்சுக்காதே வின்னி," என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

எண்ணி முடித்து நாங்கள் நால்வரும் சபாநாயகர் முன் வரிசையாக நின்றோம். ஜெயித்த தரப்பின் கையில்தான் எழுத்தர் சீட்டைக் கொடுப்பார். அவர் சீட்டை நீட்டியது ஹெக்டரிடம். ஹெக்டர் அதைப் பார்த்தார், எழுத்தரைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஆம், இருநூற்று எழுபத்தொன்று. இல்லை, இருநூற்று எழுபது," என்று கணீரென்று படித்தார். படிப்பதிலாவது குறை வைக்கவில்லை.

சபை அல்லோலகல்லோலப்பட்டது. பெட்ரா மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி என்னோடு எண்ண நின்றிருந்தால், அவளுடைய ஓட்டு கணக்கில் சேராமல் போயிருக்கும், ஹெக்டரின் ஓட்டு எதிரில் விழுந்திருக்கும். ஒரே ஓட்டில் தோற்றிருப்பேன். அவளுக்கு ஒரு பெட்டி சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

ஆனால் கிளிஃபர்டிடம் போய் நிற்கக் கால் வரவில்லை. கீழே இறங்கி வந்து காத்திருந்தார்.

"அப்ப எனக்கும் முதல் பக்கத்துல போடுவாங்களாம்மா?"

"இல்ல கிளிஃபர்ட். சட்டம் இனிமே நடக்கறதுக்குத்தான். பழசுக்குச் செல்லாது."

டையைத் தடவிக்கொண்டார். "சரி விடுங்க. அடுத்து மாட்டறவனாவது பிழைச்சுப் போகட்டும்," என்றார். அந்த நிமிடம் ஜெயித்த சந்தோஷமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை ஹெக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"லான்டர்னைப் பாத்தீங்களா? கோவம் வந்தா ஆசிரியருக்கு மூளை வேலை செய்யாதுன்னு நான் அப்பவே சொல்லுவேன்."

வாங்கிப் பார்த்தேன். 'ஒரு கிளிஃபர்டுக்காக எல்லாப் பத்திரிகைக்கும் விலங்கா?' என்று முதல் பக்கம் முழுக்கக் கொதித்திருந்தார்கள். கிளிஃபர்ட் யாரென்று வாசகருக்குச் சொல்ல வேண்டுமே. அதனால் பலகையும் கையுமாக அவர் சிரிக்கிற பெரிய படம். கீழே, 'எந்தத் தவறும் செய்யாத, பிள்ளைகளின் அன்புக்குரிய இந்த நல்ல மனிதரை நாம் தவறுதலாகக் குறிப்பிட்டது உண்மைதான்' என்று கொட்டை எழுத்தில். அதே பக்கம், அதே அளவு.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். தாய்மார்கள் அவரைச் சுற்றி நின்று பத்திரிகையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள், பின்னால் கார்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் கிளிஃபர்ட் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா எனக்கு அறுபத்தேழுதான் ஆகுது, அறுபத்தொம்பதுன்னு போட்டுட்டாங்க. இதுக்கும் முதல் பக்கத்துல மறுப்பு கேக்கலாமா?"