எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள்

மணிமொழி கல்லூரியிலிருந்து வந்தபோது வேங்கிக்கால் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அடுப்பின்மேல் சோறு குழைந்து ஆறிப்போயிருந்தது. கட்டிலில் அம்மாவின் முக்காட்டுத் துணி. அது இல்லாமல் அம்மா வாசலைத் தாண்டியதே இல்லை. அப்பாவின் எண்ணுக்கு அழைத்தாள். தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

போன ஞாயிறுதான் பாஸ்டர் சொன்னார்: யுத்தங்கள், நிலநடுக்கம், ஊர்கள்மேல் விழும் ஏவுகணைகள், எல்லாமே கடைசி நாட்களின் அடையாளம். கர்த்தரின் இரகசிய வருகையில் விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு மறைந்துபோவார்கள். மற்றவர்கள் காலி வீடுகளில் அவர்களைத் தேடுவார்கள். சபையே ஆமென் சொன்னது. அம்மா சரோஜா மட்டும் அவள் பக்கம் குனிந்து, "உன்ன வுட்டுட்டு நான் எங்கடி போவப் போறேன்," என்றாள்.

மணிமொழியின் கை காதுக்குப் போனது. சபைப் பெண்கள் நகை போடுவதில்லை. கல்லூரித் தோழி ஆர்த்தியிடம் வாங்கிப் போட்ட கம்மலைக் கழற்ற மறந்திருந்தாள். பிடுங்கி எறிந்துவிட்டு பாஸ்டர் வீட்டுக்கு ஓடினாள். அங்கும் கதவு திறந்திருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தட்டில் பாதிச் சோறு. ஆளில்லை.

தெருவில் மற்ற எல்லோரும் இருந்தார்கள். குழாயடியில் சண்டைகூட நடந்தது. காணாமல் போனது சபைக்காரர்கள் மட்டும்தான். அவர்களிடம் என்னவென்று கேட்பது? தகரக் கூரை போட்ட சபைக் கட்டடத்துக்குள் போய் முழங்காலில் விழுந்தாள். கர்த்தரே, என்னையும் அம்மாவிடம் சேர்த்துவிடும் என்று அழுதுகொண்டே இருந்தாள்.

இருட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சகாதேவன் வந்து நின்றார்.

"ஊரெல்லாம் தேடறேன், இங்கியா குந்தினு இருக்க?"

"மாமா, நீங்களும் இருக்கீங்களா?"

"நான் எங்க போறது? பௌர்ணமி சவாரியயே வுட்டுட்டு சுத்தறேன். அம்மாவுக்கு நெஞ்சு வலிம்மா. பாஸ்டர் வீட்டுக்காரங்கதான் ஓடியாந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க. உன் நம்பர் யாருக்கும் மனப்பாடமா தெரியல. காலேஜ் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். உன்னத்தான் கேட்டுனே இருக்குது."

அம்மா இந்த ஊரில்தான் இருக்கிறாள். மணிமொழி சிரித்துவிட்டாள். சகாதேவன் அவளை விநோதமாகப் பார்த்தார்.

கிரிவலக் கூட்டத்துக்காக வழியை அடைத்திருந்தார்கள். ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, எதிரே வரும் ஆயிரம் பேரை விலக்கிக்கொண்டு இருவரும் ஓடினார்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்பா அருள்ராஜ் சுவரைப் பிடித்து நின்றிருந்தார். "இப்பதாம்மா," என்றார்.

பாஸ்டர் அருகில் வந்தார். "கர்த்தர் சகோதரிய எடுத்து..."

"அப்புறம் சொல்லுங்க பாஸ்டர்," என்று அப்பா கையை உயர்த்தினார். பிறகு மகளிடம் திரும்பினார். "எங்கம்மா போயிட்ட? வாய் ஓயாம உன்னக் கேட்டுச்சே."

"சர்ச்சுல இருந்தேம்ப்பா."

அப்பா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் போர்வையின் ஓரத்தைத் தூக்கினார்.

"காலு இன்னும் சூடாத்தான் இருக்குது. புடிச்சிக்க."