வற்றத்தில் தெரியும் மனை

பாலிசர் தீவின் கரையில் மதுவந்தி கால் வைத்தபோது பனி இன்னும் விலகவில்லை. காக்த்வீப்பிலிருந்து இரண்டு மணி நேரம் அவளைச் சுமந்து வந்த இன்ஜின் படகு திரும்பிப் போய்விட்டது. அதன் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே ஊர் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு சேவல் கூவியது. கருவாட்டு வாசனை வந்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக மூங்கில் கழிகளும், அவற்றில் வாய் திறந்து தொங்கிய மீன்களும், அவற்றுக்குப் பின்னால் குடிசைகளும் தெரிய ஆரம்பித்தன.

கொல்கத்தாவின் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் இருக்கும் இந்தத் தீவை வருஷா வருஷம் தண்ணீர் தின்றுகொண்டிருந்தது. மனை போன மீனவக் குடும்பங்களுக்கு அக்கரையில் ஒரு புதுக் குடியிருப்பில் இடம் தருவதாக ஏற்பாடு. யார் யாருக்கு என்று பட்டியல் எடுக்க அவளை மூன்று நாளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பவானிபூர் வீட்டிலிருந்து அப்பா மகாதேவன் போன் செய்தார்.

"போய்ச் சேர்ந்துட்டியோ? அங்க புலி கிலி எல்லாம் வருமா?"

"இந்தத் தீவுல புலி இல்லப்பா. பனிதான் இருக்கு. மாத்திரை சாப்ட்டேளா?"

போனை வைத்ததும் வரிசையில் நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகியிருந்தாள். ஈரக் கால்களில் சேறு.

"அக்கா, நீங்க தமிழுங்களா?"

மதுவந்தி நிமிர்ந்து பார்த்தாள். பனிக்குள்ளிருந்து யாரோ வேறு ஆள் பேசியது போல இருந்தது.

"நீங்க?"

"நான் இந்த ஊருதாங்க. ஆமினா. எட்டு வருஷம் திருப்பூர்ல பனியன் கம்பெனில தச்சேனுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நீங்க பேசறது சீரியல்ல ஐயர் வீட்டுல பேசற மாதிரி இருக்குதுங்க்கா."

மதுவந்திக்கும் சிரிப்பு வந்தது. அவளுடைய கொள்ளுத்தாத்தா கும்பகோணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்குக் கொல்கத்தா வந்தவர். தமிழ் அவளுக்கு வீட்டுக்குள் பேசும் பாஷை. வாசல் தாண்டினால் வங்காளம்தான். திருப்பூரை அவள் பார்த்ததே இல்லை.

ஆமினாவின் முறை வந்தபோது சிக்கல் தெரிந்தது. மனை ஆற்றுக்குள் போனவர்களுக்குப் பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆனால் கணக்கெடுத்த வருஷங்களில் ஆமினாவும் அவள் கணவன் ரஃபீக்கும் திருப்பூரில் இருந்தார்கள். அதனால் பட்டியலில் பெயர் இல்லை. அப்படிப்பட்டவர்களின் மனையை அதிகாரி நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி.

"உங்க மனை எங்க இருக்கு?"

ஆமினா கையை நீட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே, கரைக்கும் அப்பால், பனி விலகிக்கொண்டிருந்த தண்ணீரை நோக்கி.

"அக்கட்ட இருக்குதுங்க. இப்பத் தெரியாது. நாளைக்குப் பௌர்ணமி, சாயங்காலம் நாலரைக்கு மேல வருமுங்க. பாட்டாவுல."

பாட்டா என்றால் வங்காள மொழியில் நீர் வற்றும் நேரம். "அதுக்குத் தமிழ்ல என்னங்க்கா? திருப்பூர்ல கடல் இல்லீங்களா, யாரும் சொல்லிக் கேட்டதில்லை."

மதுவந்தி யோசித்தாள். அவளுக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனில் கேட்டாள். அவர், "ஏத்தம், வத்தம்னு சொல்லுவா" என்றார். அவர் குரலில் ஏதோ பழைய பரணிலிருந்து எடுத்த பாத்திரத்தைத் துடைக்கிற கவனம் இருந்தது.

மறுநாள் ரஃபீக் படகைத் தள்ளினான். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதன். திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றவன். அங்கே மூச்சு முட்டி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் இருவரும் ஊர் திரும்பினார்கள். படகின் நடுவில் கோணியில் சுற்றிய கனமான ஏதோ ஒன்று கிடந்தது. அவர்களுடைய மகள் ருக்சானா மூன்று குடங்களோடு முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். தீவில் எட்டாம் வகுப்பு வரைதான். அவள் அதை முடித்துவிட்டு ஒரு வருஷமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் குஞ்சு பிடிக்கிறாள்.

படகு மெதுவாகப் போயிற்று. துடுப்பு போடுகிற இடத்தில் எல்லாம் ஆமினா கீழே பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "இது கடைத்தெருங்க. இது பள்ளிவாசல் குளம். இங்க எங்க பெரியம்மா வீடு, ரெண்டு தென்னை நின்னுச்சு." தண்ணீர் தேநீர் நிறத்தில் அசைந்தது. மதுவந்தியும் குனிந்து பார்த்தாள். மீன் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பின. அவை ஒரு தெருமுனையில் வளைந்து போவதாகவே அவளுக்குத் தோன்றிவிட்டது.

நாலரை தாண்டியதும் தண்ணீர் வழிவிட்டது. முதலில் ஒரு கருப்புக் கோடு. பிறகு அது முதுகாக உயர்ந்தது. பிறகு பளபளவென்று ஒரு மேடு, அதன்மேல் வானத்தின் ஆரஞ்சு நிறம் முழுவதும். நடுவில் மனித உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நின்றது. அதன் வாயில் டயர் ரப்பரை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

செருப்பைப் படகிலேயே விட்டுவிட்டு மதுவந்தி இறங்கினாள். சேறு கணுக்காலைக் குளிர்ச்சியாகப் பிடித்துக்கொண்டது.

"நீங்க நிக்கறது வாசலுங்க்கா" என்றாள் ஆமினா. "இங்க அடுப்பு. அந்தப் பக்கம் ஆட்டுக் கொட்டாய்."

மதுவந்தி தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள்.

"வாங்க, வாங்க" என்றாள் ஆமினா, வீட்டுக்கு வந்தவர்களை அழைக்கிற மாதிரியே.

ரஃபீக் கோணியைப் பிரித்தான். உள்ளே அடிபம்பின் தலை. படகைச் சேற்றில் குழாய் வரை இழுத்து, அதன்மேல் ஏறி நின்று ரப்பரை அவிழ்த்து, தலையைக் குழாயில் பொருத்தி, ஸ்பானரால் முறுக்கினான். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினான். ருக்சானா கைப்பிடியில் தொங்கி அடித்தாள். குழாய் இருமியது. பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு, சுற்றிலும் உப்பு ஆறு கிடக்க, பளிங்கு போலத் தண்ணீர் கொட்டியது.

மதுவந்தி இரண்டு கையையும் ஏந்திக் குடித்தாள். இனித்தது.

"ஆயிரம் அடிக்குக் கீழ இருந்து வருதுங்க. மேல இருக்கற உப்புக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது." ஆமினா குடத்தை நீட்டினாள். "தீவுல இருக்கற மத்த பம்பெல்லாம் உப்பாயிருச்சு."

இன்னும் ஏழெட்டுப் படகுகள் நாலா பக்கமிருந்தும் வந்தன. பெண்கள் குடங்களோடு சேற்றில் இறங்கினார்கள். யாரும் அவசரப்படவில்லை, யாரும் சத்தமாகவும் பேசவில்லை. தண்ணீரின் நடுவில் இல்லாத வீட்டின் முற்றத்தில் அத்தனை பேரும் நின்றார்கள்.

"உங்களுக்கு அக்கரைக்குப் போக இஷ்டமா?" மதுவந்தி கேட்டாள். படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது.

ஆமினா ரஃபீக்கைப் பார்த்தாள். அவன் வங்காள மொழியில், "ஆறு இல்லாத இடத்துல நான் என்ன பண்றது?" என்றான்.

"இவரு இப்படித்தாங்க. எனக்கு ரெண்டும் வேணுங்க்கா. வீடு அங்க வேணும், இவ படிக்கணும். படகு இங்க வேணும். நண்டு இங்கதான் கிடைக்கும். இருக்கற எடத்துல இருந்துக்கிட்டே போகணும்னா என்னன்னு எழுதுவீங்க?"

மதுவந்தி 'இஷ்டம்' என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கால் விரல்களைத் தொட்டது. ரஃபீக் பம்பின் தலையைக் கழற்றினான். படகில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது குழாய் மட்டும் நின்றது.

தங்கியிருந்த அறையில் அவள் அறிக்கை எழுதினாள். 'மனையின் நிலை' என்ற இடத்தில் முதலில் 'ஆறு' என்று எழுதி அடித்தாள். கடைசியில், 'நேரில் பார்த்தேன். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் வற்றத்தின்போது சுமார் நாற்பது நிமிடம் தெரிகிறது. அடிபம்பு வேலை செய்கிறது. குடித்துப் பார்த்தேன்' என்று எழுதினாள்.

அலிப்பூரில் மேலதிகாரி அதை இரண்டு முறை படித்தார். "நிலமா, ஆறா? ஒண்ணைச் சொல்லுங்க."

"மாசத்துல எட்டு நாள் நிலம், சார்."

அவர் சிரித்தார். 'குடித்துப் பார்த்தேன்' என்பதை மட்டும் அடித்துவிட்டு மேலே அனுப்பினார்.

பதில் வரப் பத்து மாதம் ஆயிற்று. இடையில், மழைக்காலத்தில் ஒருநாள் ஆமினா போன் செய்தாள். "பைப்பு சாஞ்சிருச்சுங்க்கா" என்றாள். அழவில்லை. பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது.

நவம்பரில் பட்டியல் வந்தது. ஆமினாவின் பெயர் இருந்தது. கையெழுத்துப் போட அலிப்பூருக்குத் தனியாகவே வந்தாள், வெளுத்த நீலச் சேலையில். வேலை அரைமணியில் முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்ப ரயிலுக்கு நேரம் இருந்தது. எங்கே போகலாம் என்று மதுவந்தி கேட்டபோது, "ஹவுராவுலதான் திருப்பூருக்கு ரயில் ஏறினோமுங்க. ஒருவாட்டி கூட அங்க நின்னு ஆத்தைப் பாத்ததில்லை" என்றாள்.

பாபுகாட் படித்துறையிலிருந்து ஹவுராவுக்கு ஃபெர்ரியில் போனார்கள். ஆமினா கம்பியைப் பிடித்தபடி நின்று, பாலத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்தாள்.

"இது நம்ம ஊருக்குத்தான போகுது" என்றாள்.

"ஆமா."

"இங்க எவ்வளவு அமைதியா இருக்குது பாருங்க. ஒண்ணுமே தெரியாத மாதிரி."

மகளை அக்கரையில் பள்ளியில் சேர்த்தாயிற்று. குடியிருப்பிலிருந்து ஆற்றுக்கு ஏழு மைல். ரஃபீக் வாரத்துக்கு ஒருநாள் வருவான், மற்ற நாள் படகில். ஒரு தையல் மெஷின் போட எண்ணம். கட்டப்போகிற புது வீட்டுக்குச் சன்னல் எந்தப் பக்கம் வைப்பது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. எந்தப் பக்கம் வைத்தாலும் வயல்தான் தெரியும்.

"புடிக்குமான்னு தெரியலீங்க்கா" என்றாள் ஆமினா. "போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"வீடு முடிஞ்சதும் சொல்லுங்கோ, நான் வரேன்."

"அப்பாவையும் கூட்டியாங்க. வத்தம்னு சொல்லிக் குடுத்தவருகிட்ட நான் பேசணும்."

ஃபெர்ரி கரையில் இடித்து நின்றது. கூட்டம் இறங்க ஆரம்பித்தது. எல்லோரும் போகட்டும் என்று இருவரும் கம்பியருகிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.