ஓடைக்குப் பத்து எட்டு முன்னால்

உதட்டில் இருந்த நீலம் மட்டும் போகவே இல்லை. ஈரத் துணியை மூன்றாவது முறையாகப் பிழிந்து அப்பாவின் வாயோரத்தை அவள் மறுபடியும் துடைத்தாள். அவர் விரல்களில் இருந்த நீலம் அவளுக்குப் பழக்கமானதுதான். நகக்கண்ணில் ஒருமுறை புகுந்துவிட்டால் வாரக்கணக்கில் குடியிருக்கும், எந்தச் சோப்புக்கும் மசியாது. ஆனால் உதட்டில் அதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"விடுடி. எவ்வளவு நேரம் தேய்ப்ப? வலிக்கும் அவருக்கு" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அம்மாவுக்கே காதில் விழுந்தது போலிருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அப்பாவின் தங்கை, அவளுடைய அத்தை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அத்தைக்கு எதையும் அரைகுறையாக விட வராது. குனிந்து அண்ணனின் வாயை உற்றுப் பார்த்தாள். பிறகு மருமகளின் தோளைத் தொட்டு சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஆஸ்பத்திரியில ஹார்ட்டுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. சரி. இல்லன்னு சொல்லல. ஆனா அது அவரு அடிக்கற மருந்துக் கலருதானே? வாயில எப்படி வந்துச்சு?"

"தெரியல அத்தை."

"வீட்டுல ஏதாவது பேச்சு கீச்சு ஆச்சா?"

அவள் குழாயைத் திறந்து துணியை அலச ஆரம்பித்தாள். அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தை அப்படிச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று அர்த்தம். அவளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. தெருவில் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பேச்சு ஆகியிருந்தது.

அப்பாவின் வேலை களைக்கொல்லி அடிப்பது. அதுவும் வயலில் இல்லை, எதுவுமே விளையாத இடத்தில். அபாயம் என்று பலகை மாட்டிய டவர்களுக்கு நடுவே உயர் அழுத்த மின்கம்பி போகும் பாதையில், புதரும் மரக்கன்றும் தலைதூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கிளை வளர்ந்து கம்பியை எட்டிவிட்டால் நாலைந்து ஊர் இருட்டாகிவிடும். அடித்த இடம் எது, அடிக்காத இடம் எது என்று தெரிவதற்காக மருந்தில் நீலச் சாயம் கலப்பார்கள். வெயிலில் இரண்டு மூன்று நாளில் அது வெளுத்துவிடும். மழை வந்தால் அன்றைக்கே போய்விடும். உங்கப்பா என்ன வேலை என்று யாராவது கேட்டால், "லைன்ல இருக்காரு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவது அவள் வழக்கம். புல்லுக்கு விஷம் வைக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

நேற்றுக் காலை அவர் கிளம்பும்போது அவளுடைய ஏழு மாதக் குழந்தை தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்தது. அவர் தூக்கக் குனிந்தார்.

"அப்பா, அந்தக் கையோட அவளத் தொடாதீங்க. நாள் முழுக்க விஷத்துல கிடக்கற கை."

வாயில் வந்துவிட்டது. வெகு நாளாக உள்ளே இருந்ததுதான். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மண்டியிட்டு, முகத்தை மட்டும் குழந்தைக்குக் காட்டினார். குழந்தை மூக்கைப் பிடித்து இழுத்தது. சிரித்தார். பிறகு ஊற்றி வைத்திருந்த டீயைத் தொடாமலே கிளம்பிப் போனார். பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது.

துணியைக் காயப் போட்டுவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் ஜெட்டு. அப்பாவோடு பத்தொன்பது வருடம் மருந்து டேங்க் சுமந்தவர். நடையிலும் பேச்சிலும் ஆமைக்குத் தம்பி, அதனால் அப்பா கேலியாக வைத்த பெயர் அது. நேற்று அப்பாவைக் கண்டெடுத்ததும் அவர்தான்.

"சித்தப்பா, கொஞ்சம் இப்படி வாங்க."

தெருமுனை வரை நடந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா மருந்தக் குடிச்சாரா?"

ஜெட்டு வாழ்க்கையிலேயே முதல்முறையாக வேகமாகத் திரும்பினார். "யாரு சொன்னா?"

"உதடு சொல்லுது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாசில் அடைச்சுக்கும்மா. மருந்து வர்ற மூக்கு இருக்கில்ல, அது. அடைச்சா கழட்டி வாயில வெச்சு ஊதுவோம்."

"வாயிலயா?"

"ஊதக் கூடாதுன்னுதான் ரூல்சு. தேய்க்கறதுக்கு பிரஷ் குடுத்திருக்காங்க. அது வண்டியில கிடக்கும், நாம நடுக்காட்டுல நிப்போம். எங்கள உங்கப்பா திட்டாத திட்டில்ல. தனியா இருந்தா அவரும் ஊதுவாரு. ஊதாதவன் எவன் இருக்கான் சொல்லு."

"இத ஏன் நேத்தே சொல்லல?"

"சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னாரு. சொன்னா, ரூல்ச மீறித்தான் செத்தான்னு ஒரு வரி எழுதிடுவாங்க. போனவரு பேர நான் ஏன் கெடுக்கணும்?"

அவர் சொன்னது நம்பும்படியாகத்தான் இருந்தது. சாவு வீட்டில் நல்லவர்கள் சொல்லும் பொய்யும் அப்படித்தான் இருக்கும்.

"அந்த இடத்தக் காட்டுங்க."

"இப்பவா? நாலு மணிக்கு வண்டி வருதும்மா."

"மணி இப்ப ஒண்ணுதான். மழை வந்தா எல்லாம் போயிடும்ல?"

ஜெட்டு வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. பைக் சாவியை எடுத்தார். குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, யாரிடமும் காரணம் சொல்லாமல் அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அந்த அவசரத்திலும் ஒரு சைக்கிள்காரர் அவர்களை முந்திக்கொண்டு போனார்.

சாலையை விட்டு ஒரு மேட்டில் ஏறினார்கள். மேலே போனதும் கம்பிப் பாதை முழுவதும் தெரிந்தது.

இருபத்தாறு வருடமாக அப்பா போய்வந்த இடத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு தெருவளவு வேலை, ஒரு மைதானத்தளவு வேலை என்றுதான் நினைத்திருந்தாள். இரண்டு பக்கமும் அடர்ந்த காடு. நடுவே, நாற்பது ஐம்பது ஆள் கைகோத்து நிற்கும் அகலத்தில் ஒரு திறந்த வெளி, பள்ளத்தில் இறங்கி, எதிர் மேட்டில் ஏறி, அதற்கப்பால் இன்னொரு மேட்டில் ஏறி, கண்ணுக்கு எட்டாத தூரம் வரை நேராகப் போனது. டவர்கள் போகப் போகச் சிறுத்து, கடைசியில் ஊசியாகி மறைந்தன. தலைக்கு மேலே கம்பிகள் விடாமல் முனகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தக் காடு இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்கி வந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரு மனிதன் முதுகில் பதினாறு லிட்டரைச் சுமந்து போய் அதை நிறுத்தியிருக்கிறான்.

"இதெல்லாம் அப்பாவா?"

"இந்தக் கோடியிலேருந்து அந்த ரெண்டாவது மேடு வரைக்கும் அவரு. அதுக்கப்புறம் நான். என்னுது கொஞ்சம் புதரா இருக்கும், உத்துப் பாக்காத."

நாற்பத்தோராவது டவரின் காலடியிலிருந்து நீலம் தொடங்கியது. புல் மேலும் செடி மேலும் மூன்று முழ அகலத்தில் ஒரு பட்டை, பள்ளத்தை நோக்கி இறங்கியது. அவள் தையல்காரி. துணியின் மேல் சாக்குக்கட்டியால் ஒரு கெஜம் நேர்க்கோடு போடுவதே எவ்வளவு பாடு என்று அவளுக்குத் தெரியும். இது கல்லும் குழியுமான சரிவு. கையில் அளவுகோல் கிடையாது. பட்டையின் ஓரம் இம்மி பிசகவில்லை.

அடுத்த டவரின் சிமெண்டு மேடையில் ஜெட்டு குனிந்து விரலால் காட்டினார். வெள்ளை அடித்த சிமெண்டில் கடுகு போல நீலப் புள்ளிகள் விசிறியாகத் தெறித்திருந்தன.

"இங்க உக்காந்து ஊதியிருக்காரு. ஊதினா இப்படித்தான் தெறிக்கும்."

அவள் அந்தப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தன. ஜெட்டு பொய் சொல்லவில்லை. நாற்பத்துமூன்றாவது டவர் வரை பட்டை அப்படியே நேராகப் போனது.

அங்கே புல் வட்டமாக நசுங்கியிருந்தது. டேங்க் இறக்கி வைத்த தடம். பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் சொட்டித் தேங்கியிருந்தது. "ஹெல்மெட்டும் கிளவுசும் இங்கதான் கிடந்துச்சு" என்றார் ஜெட்டு மெதுவாக. "வேலை முடியாம அவரு கழட்டவே மாட்டாரு. இங்கதான் மொதல்ல வலிச்சிருக்கும்."

அதற்கப்பால் நீலப் பட்டை தொடர்ந்தது. ஆனால் இப்போது அதன் ஓரம் ஒரு முழம் இடதுபக்கம் போய், ஒரு முழம் வலதுபக்கம் வந்தது. பத்துப் பதினைந்து எட்டுக்குப் பிறகு மறுபடி நிமிர்ந்துகொண்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே சாலை தெரிந்தது. ஐம்பது எட்டுகூட இருக்காது. அப்போதுதான் ஒரு பால் வண்டி அதில் போனது.

"ரோடு இங்கயே இருக்கே சித்தப்பா. வலியோட ஏன் அந்தப் பக்கம் போகல? கை காட்டினா யாராவது நிறுத்தியிருப்பாங்களே. ஏன் உள்ள போனாரு?"

அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. அவருக்குப் போக விருப்பமில்லை. பிள்ளையைத் தொடாதே என்று சொல்லிவிட்ட வீட்டுக்கு என்ன அவசரம்? குடிக்கவில்லை, சரி. பிழைக்கவும் நினைக்கவில்லை. இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவள் பட்டையை விட்டு விலகாமல் இறங்கினாள்.

பள்ளத்தின் அடியில் ஓர் ஓடை ஓடியது. தண்ணீருக்கு முன்னால், கோடு கிழித்து நிறுத்தியது போல நீலம் நின்றுவிட்டது. மிச்ச இடமெல்லாம் பச்சை.

"இங்கயா விழுந்தாரு?"

"இல்லம்மா. அக்கரையில." ஜெட்டு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். "கரையிலேருந்து பத்து எட்டு விட்டுடணும். இந்தத் தண்ணிதான் கீழ போய் வீடுகளுக்குப் போகுது. கணக்குப்படி தாண்டிப் போகும்போதும் பாலத்துல சுத்திப் போகணும். நாங்க யாரும் போறதில்ல. அப்படியே இறங்கி ஏறிடுவோம். டேங்குலேருந்து நாலு சொட்டு விழும். யாரு பாக்கப் போறா? உங்கப்பா மட்டும் இத்தன வருஷமும் பாலம்தான்."

"பாலம் எங்க இருக்கு?"

ஜெட்டு கையை நீட்டினார். ஓடை வளையும் இடத்தில், வெகு தூரத்தில், ஒரு மெல்லிய கோடு தெரிந்தது.

"நேத்தும் அப்படியா போயிருப்பாரு?"

"தெரியலையேம்மா. நேத்து நான் அத நினைக்கவே இல்ல."

அவர்கள் ஓடைக் கரையோரமாக நடந்தார்கள். முள்ளும் கல்லுமாக, கையை வீசி நடக்கவே பதினைந்து நிமிடம் ஆனது. அவள் தரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டு இல்லை. பாலம் என்பது இரண்டு இரும்புச் சட்டத்தின் மேல் பலகை போட்டது. குனிந்து ஒவ்வொரு பலகையாகப் பார்த்தாள். நடுப்பாலத்தில் கைப்பிடிக் கம்பியில் நான்கு விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன, வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றது போல. இன்னொரு கை நாசிலைப் பொத்திக்கொண்டிருந்திருக்கும். பலகையில் ஒரு சொட்டு இல்லை. பலகைக்குக் கீழே தண்ணீர் கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அந்த விரல் தடங்களின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அப்பாவின் கை பெரிய கை.

அக்கரையில் திரும்ப அவ்வளவு தூரம் நடந்து கம்பிப் பாதைக்கு வந்தார்கள். தண்ணீரில் கால் படுமளவு போய் நின்று, அங்கிருந்து எண்ணிக்கொண்டு நடந்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது எட்டில் நீலம் தொடங்கியது. அதன் ஓரத்தில் நடுக்கம் இல்லை. மூன்று முழ அகலம், கொஞ்சமும் குறையவில்லை. நாற்பது எட்டு வரை போய், அவரைத் தூக்க வந்த ஆட்கள் மிதித்த புல்லில் முடிந்தது.

"டேங்க் மூடி இறுக்கித்தான் இருந்துச்சு. நான்தான் திறந்து பாத்தேன். அடியில ரெண்டு டம்ளர் மீதி" என்றார் ஜெட்டு. "அதையும் அடிச்சு முடிச்சுட்டு உக்காரலாம்னு நினைச்சிருப்பாரு. உங்கப்பாவுக்குப் பாதியில விடறது பிடிக்காது."

சாக நினைத்தவன் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முகம் தெரியாத யாரோ குடிக்கும் தண்ணீருக்காக அவ்வளவு தூரம் சுற்றி வருவானா? அவளைக் கோபித்துக்கொண்டு செத்துப்போகும் எண்ணமெல்லாம் அந்த மனிதனுக்குத் தோன்றியே இருக்காது. அவருக்கு வேலை இருந்தது.

"கிறுக்கு மனுஷன்" என்றாள். அதைச் சொன்னதும் நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது. அந்த அகண்ட வெளியின் நடுவே, முனகும் கம்பிகளுக்கு அடியில், தான் ஒரு பெரிய கோயிலுக்குள் தெரியாமல் செருப்போடு வந்துவிட்டது போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இப்படி ஒருவரோடு ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். ஜெட்டு இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தூறல் விழத் தொடங்கியது. இலைகளில் நீலம் இளகி, நரம்போரமாக வழிந்து மண்ணில் இறங்கியது.

ஃபோன் அடித்தது. கணவன். "எங்க இருக்க? வண்டி வந்துடுச்சு. எல்லாரும் கேக்கறாங்க."

"வந்துட்டே இருக்கேன்."

ஜெட்டு பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார். "இப்படியே இறங்கிடலாம்மா. முட்டிக்குக் கீழதான் தண்ணி. அஞ்சு நிமிஷத்துல பைக்குக்குப் போயிடலாம்."

அவள் ஓடையைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஈரப் புல்லில் நடந்ததில் செருப்பும் பாதமும் சேலைக் கரையும் நீலமாகியிருந்தன.

"நீங்க வேணா இறங்குங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தாள். ஜெட்டு ஒரு நிமிடம் அங்கேயே நின்றார். பிறகு பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு அவள் பின்னால் வந்தார்.