பிபிங்காவுக்கு எந்த விளக்கு

பகோலோத் நகரம் வேலை முடிந்து வீடு திரும்புகிற நேரத்தில்தான் ஜோவெலின் வேலைக்குக் கிளம்புவாள். அவள் பேசுவது அமெரிக்காக்காரர்களோடு. தொலைபேசிக் கட்டணம் ஏன் இப்படி ஏறிக்கிடக்கிறது என்று அவர்கள் தங்கள் பகலில் சண்டைக்கு வருவார்கள். இவள் தன் இரவில் சமாதானம் சொல்வாள். விடிந்து வீட்டுக்கு வந்து, சோறும் கருவாடும் தின்றுவிட்டுப் படுத்தால், படுக்கையறை ஜன்னலின் பூப்போட்ட திரையைத் தாண்டி வெயில் நேராக முகத்தில் விழும். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். "தடிமனா ஒரு திரை வாங்கிப் போடேன் டெல்" என்று கணவனிடம் பலமுறை சொன்னாள். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டாள்.

டெல்ஃபினைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கரை ஆலை அலுவலகத்தில் பகல் வேலை. குடி, சேவல் சண்டை எதுவும் கிடையாது. ஒரு விஷயம் மனசில் புகுந்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும், அவ்வளவுதான். அப்போது அவன் மனசில் புகுந்திருந்தது பிபிங்கா.

பிபிங்கா ஒரு சின்ன மலைப்பாம்பு. விஷமில்லை, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மேலெல்லாம் தவிட்டு நிறத் திட்டுகள், அடுப்பில் லேசாகக் கருகிய அரிசிப் பலகாரம் போல இருந்ததால் அந்தப் பலகாரத்தின் பெயரையே வைத்திருந்தான். அதன் உணவுக்கான எலிகள் குளிர்பெட்டியில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் உறைந்து கிடந்தன. அதைப் பார்த்த நாளிலிருந்து ஜோவெலின் ஐஸ்கிரீம் தின்பதில்லை.

பகலெல்லாம் பாம்பு கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில், கவிழ்த்த மண்சட்டிக்கு அடியில் கிடக்கும். பொழுது சாய்ந்தபின்தான் வெளியே வரும். அது வருவதைப் பார்ப்பதுதான் டெல்ஃபினின் பெரிய ஆசை. இருட்டில் வருவதை எப்படிப் பார்ப்பது? வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

"சிவப்பு பல்பு போடுங்க நோங்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் பாம்புக்கடை வில்மர். "சிவப்பு வெளிச்சம் பாம்புக் கண்ணுக்கே தெரியாது. அதுக்கு இருட்டு, உங்களுக்குத் திருவிழா."

கூடம் முழுக்கச் சிவந்தது. மறுநாள் காலையில் அக்கா முறையில் எல்லாரும் 'நாங்' போட்டுக் கூப்பிடும் எதிர்வீட்டு நாங் சீத்தாங் ஜோவெலினை வாசலில் மடக்கினாள். "ஏம்மா இந்தை, வீட்டுல புதுசா ஏதோ தொழில் ஆரம்பிச்சிருக்கீங்க போலிருக்கே? என் வீட்டுக்காரரு நேத்து சாயங்காலம் பூரா ஜன்னல்லயே நின்னாரு."

பல்பின் சூடு தாங்காமல் பிபிங்கா தண்ணீர்ச் சட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வைத்த எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டெல்ஃபின் சிவப்பைக் கழற்றி நீலத்தை மாட்டினான். நிலா வெளிச்சம் என்று அட்டையில் போட்டிருந்தது. பாம்பு வெளியே வரவில்லை. பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் ஒருவன் ஊதா விளக்கு கொடுத்தனுப்பினான். அதன் வெளிச்சத்தில் டெல்ஃபினின் பனியனும் பல்லும் மட்டும் மின்னின.

"பாட்டு ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் ஜோவெலின். "நான் ஆபீசுக்குப் போகாம இங்கயே ஆடிட்டிருக்கேன்."

கடைசியில் ஒரு சனிக்கிழமை பாம்பைத் தலையணை உறையில் போட்டு பிராணி வைத்தியம் பார்க்கும் டாக்டர் பலாசியோஸிடம் எடுத்துப் போனார்கள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"கலர் பல்பு எல்லாத்தையும் கழட்டிடுங்க. சிவப்பு தெரியாதுன்னு யார் சொன்னது? தெரியுதோ இல்லையோ, அது நிம்மதியைக் கெடுக்குது. அந்த ஊதா கண்ணுக்கே ஆகாது. சூடு வேணும்னா பெட்டிக்கு அடியில கரண்ட்டு சூட்டுப் பாய் போதும், சூடு மிஞ்சிப் போகாம ஒரு கட்டுப்பாட்டுக் கருவியோட. பாக்கணும்னா கூடத்தோட அந்த மூலையில ஒரு மங்கல் விளக்கு. பெட்டி மேல நேரா விழக் கூடாது. கொஞ்ச நேரம் பாத்துட்டு அணைச்சிடணும். பகல்னா பகலா இருக்கணும், ராத்திரின்னா ராத்திரியா இருக்கணும். தூங்கற நேரத்துல மூஞ்சியில வெளிச்சம் அடிச்சா எந்த உயிருக்குத்தான் சாப்பாடு இறங்கும்?"

ஜோவெலின் தலையை அப்படி ஆட்டினாள். பாம்பின் மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று டெல்ஃபினுக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று.

வீடு திரும்புகிற வழியிலேயே துணிக்கடையில் ஜீப்னி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். தெருவிளக்கு கூடத்து ஜன்னல் வழியாகப் பெட்டியில் விழுகிறதாம். இரட்டைத் துணி வைத்துத் தைத்த கறுப்புத் திரை வாங்கி, அன்றைக்கே ஆணியடித்து மாட்டினான். ஜோவெலின் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் எதிர்வீட்டுக்குப் போய், "நாங், உங்க பாட்டு மெஷின் அதிர்வு தரை வழியா பாம்புக்குப் போகுது, அதுக்குக் கோவம் வருது" என்று சொல்லிவிட்டு வந்தான். பகலில் தூங்கவிடாமல் அலறி, ஜோவெலின் கெஞ்சியும் ஓயாத பாட்டு அன்றோடு ஓய்ந்தது. பாம்பின் கோபம் எதுவரை போகும் என்று நாங் சீத்தாங்குக்குத் தெரியவில்லை.

காலையில் டெல்ஃபின் திரையைத் திறந்து வைத்துவிட்டு ஆலைக்குப் போவான். பாம்புக்குப் பகல் வேண்டுமே. ஒருநாள் களைத்து வந்த ஜோவெலின் கூடத்து மூங்கில் பெஞ்சிலேயே சாய்ந்தாள். எட்டி, திரையை ஒரு இழு இழுத்தாள். பகல் நின்றுபோனது. சாயங்காலம்வரை அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். கணவன் வருவதற்குள் எழுந்து திரையைப் பழையபடி திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான்.

ஒரு மத்தியானம் விழிப்புத் தட்டியபோது பெட்டிக்குள் ஏதோ அசைந்தது. பிபிங்கா மண்சட்டியை விட்டு வெளியே வந்து, கண்ணாடியோரமாக மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு முதலில் உடம்பு கூசியது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அது நாக்கை நீட்டி நீட்டி காற்றைத் தடவிப் பார்த்தது. போகப் போக அவள் அதனிடம் பேசக்கூட ஆரம்பித்தாள். "நேத்து ஒரு கிழவன், பில்லுல ஒரு டாலர் கூடிப்போச்சுன்னு என் பரம்பரையையே இழுத்தான் தெரியுமா?"

பாம்பு நன்றாகச் சாப்பிட்டது. டெல்ஃபின் வைத்துவிட்டுப் போகிற எலி அவன் திரும்பி வருவதற்குள் காணாமல் போனது. ஆனால் சாயங்காலத்தில் வெளியே வருவதை அடியோடு நிறுத்திவிட்டது. பகலெல்லாம் ஊர் சுற்றியது சாயங்காலம் தூங்காமல் என்ன செய்யும்? டெல்ஃபின் விளக்கின் மேல்தான் சந்தேகப்பட்டான். மங்கல் விளக்கை அலமாரிக்குப் பின்னால் நகர்த்தினான். துணி போர்த்தினான். பிறகு சமையலறைக்கே கொண்டுபோனான். பாம்பு வந்தாலும் தெரியாத அளவுக்கு இருட்டில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சங்கத்தில் மட்டும் அவன் பேர் ஓங்கியது. "பல்போட வாட்டுல ஒண்ணும் இல்ல, தூரத்துலதான் விஷயம். அதான் என் பிபிங்கா இப்படிச் சாப்பிடுது" என்று அவன் சொல்ல, நாலைந்து வீடுகளில் விளக்கு சமையலறைக்குப் போனது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஜோவெலின் நினைக்காமல் இல்லை. சொன்னால் தூக்கம் போய்விடும். அந்த இடத்திலேயே யோசனை நின்றுவிடும்.

ஒரு சாயங்காலம் அவன் முக்காலியில் இருந்தபடியே, கொஞ்சும்போது கூப்பிடுகிற பெயரில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டான். "லங்கா, அதுக்கு என்னைப் பிடிக்கலியோ?"

அவளுக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தாள். வாசலில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

அந்த வாரமே டெல்ஃபினுக்குப் பல்வலி வந்தது. கன்னம் வீங்கி, மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. கண் பழகியதும், பெஞ்சில் மனைவி தூங்குவதும், பெட்டியில் பிபிங்கா நிமிர்ந்து உலாத்துவதும் தெரிந்தன. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போனான்.

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "யாரது?"

"எத்தனை நாளா நடக்குது இது?"

"திரை மாட்டின கொஞ்ச நாள்லேர்ந்தே."

"நான் பைத்தியக்காரன் மாதிரி அங்க உக்காந்திருக்கேன்... நீ அதையும் உன் ஷிஃப்ட்டுல சேத்துக்கிட்டியா!" கோபத்தில் திரையைச் சரக்கென்று இழுத்தான். வெயில் அவள் முகத்தில் பாய்ந்தது. இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் சுவர்ப்பக்கம் சுருண்டாள்.

அவன் கையில் திரையோடு நின்றான்.

"நம்ம ரூம்லயும் இப்படித்தான் விழுமா?"

"இல்ல. அங்க இன்னும் ஜாஸ்தி."

"நீ சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். நீ சிவப்பு பல்பு மாட்டிட்டிருந்தே."

அவன் திரையை மூடினான். பல் டாக்டரிடம் போகவேண்டியவன் துணிக்கடைக்குப் போனான். வீங்கின கன்னத்தோடு படுக்கையறை ஜன்னலில் அன்றைக்கே ஆணியடித்தான். "பிபிங்காவுக்குப் பகலைத் திருப்பிக் குடுக்கணும், அதுக்குத்தான்" என்று ஏணி மேலிருந்து சொன்னான். ஜோவெலின் அதை மறுத்துப் பேசவில்லை. திரை வந்துவிட்டது, யாருக்காக வந்தால் என்ன?

பாம்பு பழைய நேரத்துக்குத் திரும்ப அவசரப்படவில்லை. ஒரு சாயங்காலம், ஜோவெலின் கிளம்புவதற்கு முன் நூடுல்ஸ் தின்றுகொண்டிருக்கும்போது, மண்சட்டிக்கு அடியிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. மங்கல் விளக்கு கூடத்து மூலைக்கே திரும்பி வந்திருந்தது. டெல்ஃபின் அவள் கையைப் பிடித்து முக்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"பாரு, நாக்கை நீட்டுது பாரு. அப்படித்தான் வாசனை பிடிக்கும்" என்று கிசுகிசுத்தான்.

"அப்படியா!" என்றாள் அவள், கண்ணை அகல விரித்து.

வண்டி வந்தது. "கொஞ்ச நேரம் பாத்துட்டு அணைச்சிடு" என்று சொல்லிவிட்டு ஏறினாள். வண்டி திரும்பும்போது எட்டிப் பார்த்தாள். அணைத்தானா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கூடத்து ஜன்னலில் ஒரு கீற்றும் கசியவில்லை. அவ்வளவு நல்ல திரை அது.